வேர் பார்த்த பிள்ளைகள்

இன்று காலை உரக் கம்பெனிக்காரர் புதுக் காலண்டர் கொண்டுவந்து கடை மேஜைமேல் வைத்தார். மை வாசனை இன்னும் போகவில்லை. படத்தில் ஒரு நெற்பயிர்; பாதி மண்ணுக்கு மேலே, பாதி கீழே. நீ போய் நாற்பது நாள். அழுகை வரவில்லை. ஆணி தேடி மாட்டினேன்.

பழைய காலண்டர்களை நீதான் எடுத்துப்போவாய். கூலிக்காரர் தெருப் பால்வாடியில் நீ டீச்சர். அங்கே படப் புத்தகம் யார் வாங்கித் தருவார்கள்? படங்களை வெட்டி, சிமெண்டுப் பைக் காகிதத்தில் ஒட்டி, நீயே தைத்தாய். "இதைப் பாத்து என்னத்தைக் கிழிக்கப் போவுதுங்க?" என்றேன். "விதைநெல் வாங்குறப்ப நீங்க கடிச்சுப் பாக்குறீங்கல்ல? அதுங்களும் பாக்கட்டுமே" என்றாய்.

அந்த வருஷம் கூலித் தகராறு. வரப்பெல்லாம் செங்கொடி. மிராசுதார் வெளியூர் ஆளை இறக்கி நாற்று விட்டிருந்தார். வேர்ப் படத்தைக் காட்டி ஒரு சிறுமி, "மண்ணுக்குள்ள நெசமாவே இப்படியா இருக்கும்?" என்று கேட்டாளாம். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றிருக்கிறாய். ஒரு நாற்று போதும் என்று சொல்ல உனக்குத் தோன்றவில்லை. ஏழெட்டுப் பிள்ளைகள் இறங்கி, பாய் விரிக்கிற அளவுக்கு நாற்றங்காலைப் பிடுங்கிவிட்டன. "படம் பொய் டீச்சர்! அதுல நாலு வேரு, இதுல எண்ணவே முடியல!" மத்தியானம் கடைக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

சாயங்காலம் போலீஸ் வந்தது. சங்கத்துக்காரர்கள்தான் நாற்றை அழித்தார்கள் என்று மூன்று பேரைக் கொண்டுபோனார்கள். அந்தச் சிறுமியின் அப்பனும் அதில் ஒருவன்.

"என்னங்க, மிராசுதார் உங்க பேச்சைக் கேப்பாரு. பிள்ளைங்க வேலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

கடையில் பாதி உரம் அவருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. "ரெண்டு நாள் போவட்டும். சூடு ஆறட்டும்" என்றேன்.

"உள்ள இருக்கறவங்களுக்கு ரெண்டு நாளும் அடி விழும்ங்க."

நான் மிராசுதாரிடம் போகவில்லை. மறுநாள் விடிந்ததும் புத்தகத்தோடு நீயே அவர் வீட்டு வாசலில் போய் நின்றாய். "நான்தான் பிடுங்கிப் பாக்கச் சொன்னேன்" என்றாயாம். மூன்று பேரும் மத்தியானமே வீடு திரும்பினார்கள். ஒருவனுக்குக் கை வீங்கியிருந்தது. வாரத்துக்குள் உன் வேலை போயிற்று. என்னை ஒரு சொல் கேட்கவில்லை நீ. சோறு எப்போதும்போல் போட்டாய். காலண்டர்தான் அப்புறம் கேட்கவே இல்லை.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொன்னதில்லை. மூன்று பேரும் திரும்பிய அன்றைக்கே மிராசுதார் கடைக்கு வந்தார். பத்துப் பேர் நின்றிருந்தார்கள். "என்னப்பா, உன் சம்சாரம் பிள்ளைகளை ஏவி விட்டிருக்கே, உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாதுங்க" என்றேன். மூட்டையை வண்டியில் ஏற்றச் சொன்னேன்.

இந்த நாற்பது நாளும் துக்கம் கேட்க யார் யாரோ வருகிறார்கள். "டீச்சரம்மா கடைசியா எதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்கிறார்கள். எத்தனை முயன்றாலும் முதலில் வாயில் வந்து நிற்பது அன்றைக்கு அவரிடம் சொன்ன அந்த ஒரு சொல்தான்.