கழுவிவைத்த ஒன்பது சிலேட்டுகள்

என் வேதவல்லி அக்காவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி நாலு மாசமாகிறது. இன்னும் காலையில் ஸ்ரீரங்கத்து ஜட்கா வரும் நேரத்துக்கு ஸ்கூல் வாசலைப் பார்க்கிறேன். என்ன செய்ய, பழகிவிட்டது.

உங்கள் மேசையைப் பற்றித்தான் எழுத வேண்டும். புதிதாக வந்திருக்கும் ஹெட்மிஸ்ட்ரஸ் நல்ல மாதிரிதான். ஆனால் இடத்தை அடைக்கிறது என்று அதைப் பின்கட்டில் போடச் சொல்லிவிட்டார். அவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் தெருவிலிருந்து வேலைக்குப் போன முதல் பெண் நீங்கள். உங்கள் தகப்பனாரின் அந்தப் பழைய சாய்வு மேசையை மாட்டுவண்டியில் ஏற்றிக் காவிரிப் பாலம் தாண்டி வந்தபோது, தெருவே கதவிடுக்கில் நின்று பார்த்ததாம். கோட்டைப் பக்கத்துப் பெண்களைப் பாயில் உட்காரவைத்துப் பாடம் நடத்திய அந்த வருஷங்களில், ஸ்கூலில் இருந்த ஒரே மரச்சாமான் அதுதான்.

மூடியைத் தூக்கினால் உள்ளே சிலேட்டுகள். பெரியவளானதும் வீட்டில் நிறுத்திக்கொண்ட பெண்களுடையவை. கடைசி நாள் எழுதியதை அழிக்காமல் வைத்திருந்தீர்கள். பெயர் எழுதவில்லை, கையெழுத்தைப் பார்த்தே யாருடையது என்று சொல்வீர்கள். என்றைக்காவது வந்து மீதியை முடிப்பார்கள் என்று உங்களுக்கு ஒரு நம்பிக்கை.

அதைத்தான் நான் அழித்தேன். உங்களிடம் உதவிக்குச் சேர்ந்து மூன்று மாசம்கூட ஆகவில்லை. சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள், எனக்குச் சொல்லவா வேண்டும், கண்ணில் பட்டதையெல்லாம் கழுவினேன். கோவை இலையும் கரியும் அரைத்து ஒன்பது சிலேட்டையும் கருகருவென்று தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, நீங்கள் மெச்சிக்கொள்வீர்கள் என்று காத்திருந்தேன்.

நீங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தீர்கள்.

"நன்னா இருக்குடி பொன்னு. பூஜைக்குத்தானே பண்ணினே" என்றீர்கள்.

நாலு திட்டு திட்டியிருக்கலாமே. ஏன் அக்கா திட்டவில்லை?

அதன் பிறகு மேசைச் சாவி உங்கள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. போன வாரம், பின்கட்டுக்குத் தூக்கச் சொன்னபோது நான்தான் திறந்தேன். எட்டுச் சிலேட்டில் உங்கள் எழுத்தில் எட்டுப் பெயர்கள். ஒன்பதாவது வெறுமையாக இருந்தது. யாருடையது என்று எத்தனை நாள் யோசித்தீர்களோ? அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் பெரிய கடைத்தெரு அத்தர்க்காரர் வீட்டு ஜைனம்பு, மகளைச் சேர்க்க வந்தாள். நீங்கள் இல்லை என்றதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, தன் படிப்பை நிறுத்திய புதிதில் டீச்சரம்மா ஒரு நாள் வீட்டுக்கே வந்து, சிலேட்டை அப்படியே வைத்திருப்பதாகச் சொன்னார்களே, இருக்கிறதா என்று கேட்டாள்.

எட்டுப் பெயரையும் பார்த்தேன். அவள் பெயர் இல்லை. நான் செய்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, அந்த வெறும் சிலேட்டை அவள் கையில் கொடுத்தேன்.

"கணக்கு மறந்துபோச்சுங்க டீச்சர். பாதியில எழுந்து போனதுதான் மறக்கல" என்றாள்.

அவளே பல்பம் கேட்டு வாங்கினாள். உங்கள் மேசை முன்னால் உட்கார்ந்து, மகள் பார்த்துக்கொண்டிருக்க, கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினாள். 'ஜை' எழுதவே அவ்வளவு நேரம் ஆயிற்று. எடுத்துப்போகச் சொன்னேன். இங்கேயே இருக்கட்டும் என்றுவிட்டாள்.

மேசை பின்கட்டுக்குப் போகவில்லை அக்கா. ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லி என் வகுப்பில் போட்டுக்கொண்டேன். ஜைனம்புவின் மகள் அதன் எதிரில்தான் உட்காருகிறாள். அவளுக்கு ஒன்பது வயது. இன்னும் மூன்று நாலு வருஷத்தில் இவளையும் நிறுத்தப் பார்ப்பார்கள். அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் போய் நிற்பேன். துரத்தினால் மறுநாளும் போவேன். பத்தாவது சிலேட்டு உங்கள் மேசைக்குள் போகாது. இது சத்தியம்.

நீங்கள் திட்டாமல் விட்ட தங்கை,
பொன்னம்மாள்