மடிவாளாவில் இடம் கிடைத்தது

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. பழக்கதோஷம், விடு. முதலில் சேதி: உன் தங்கை டாக்டர் ஆகிவிட்டாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. இடமும் பயணமும் எழுத்தை எப்படி மாற்றுகின்றன என்று ஆறு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட டாக்டர். வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்குப் போன அம்மா, கோவில் வாசலிலேயே நின்று விவேக் நகர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

நம் தெருவில் நடத்திய கையெழுத்துப் பத்திரிகை ஞாபகம் இருக்கிறதா? எம்.ஏ. படித்த திமிரில் நான்தான் அதற்கு ஆசிரியை. பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸுக்குப் போகிற பஸ்ஸில் நீ நோட்டில் கிறுக்கிய கதையைக் கொடுத்தாய். நடுநடுவே "ஆடுகோடி. இன்னும் நிக்கிறேன்", "மடிவாளா. இடம் கெடச்சுது" என்று பஸ் ஸ்டாப் பேரோடு எழுதியிருந்தாய். கதைக்கும் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லாவற்றையும் அடித்தேன். வாசலில் நின்றபடி புருஷனோடு மல்லுக்கட்டிய உன் கதைநாயகி லூர்துவை முதல் வரியிலேயே நாற்காலியில் உட்கார வைத்தேன். அழகாகத்தான் இருந்தது, எனக்கு.

படித்துவிட்டு நீ கத்தவில்லை. "அவள உக்கார வெச்சுட்டியேடி" என்றாய். அதோடு சரி, அப்புறம் ஒரு கதைகூட என் கண்ணில் காட்டவில்லை. கேட்டால் "டயமே இல்லடி" என்று சிரிப்பாய். மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு உன் டிபன் பைக்குள் நான்கு நோட்டுகள் இருந்தன. எழுதிக்கொண்டேதான் இருந்திருக்கிறாய், என்னிடம் மட்டும் மறைத்து. இன்றைக்கும் அது சுருக்கென்று குத்துகிறது அக்கா.

அந்த நோட்டுகளையே என் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு உன் பஸ்ஸிலேயே ஏறினேன். காலைக் கூட்டம். "ஒளகடே ஹோக்ரீ" என்று கன்னடத்தில் கத்திய கண்டக்டர் எங்களை உள்ளே பிடித்துத் தள்ளாத குறை. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் நோட்டு. ஆடுகோடி தாண்டும்வரை லூர்து நின்றுகொண்டே சண்டை போடுகிறாள், பேச்சு வெடுக்வெடுக்கென்று வருகிறது. மடிவாளாவில் உனக்கு இடம் கிடைத்ததும் அவளும் உட்கார்கிறாள், காபி ஆற்றுகிறாள், புருஷனுக்கு ஒரு வாய் கொடுக்கிறாள். எல்லாக் கதையிலும் இப்படித்தான். அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால்தான் நான் கேட்டிருப்பேனா?

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குச் சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் நோட்டையும் பத்திரிகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இந்த பஸ் வரியெல்லாம் பத்திரிகையில காணோமே, யாரும்மா எடுத்தது?" பட்டம் போனால் போகட்டும் என்று, "நான்தான் சார். அக்கா பஸ்ல நின்னுக்கிட்டே எழுதினாங்கன்னு தெரிஞ்சும் எடுத்துட்டேன்" என்றேன். அவர், "இத முதல் அத்தியாயத்துலயே எழுதுங்கம்மா" என்றார். எழுதிவிட்டேன்.

இப்போது உன் கதைகள் புத்தகமாக வருகின்றன. நேற்று அச்சகத்தில் டைப் செய்கிற குமார் பெருமையாகச் சொல்கிறார், "மேடம், நடுநடுவுல ஸ்டாப் பேரெல்லாம் தப்பா வந்திருந்துச்சு, நானே எடுத்துட்டேன்!" திட்ட வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்டாப்பையும் திரும்பச் சேர்க்க வைத்தேன். உன் பஸ் போகிற ஓசூர் ரோட்டில் பெரிய மேம்பாலம் வரப்போகிறதாம். மேலே போகிறவர்களுக்கு மடிவாளா எங்கே தெரியப்போகிறது?

கடைசி நோட்டின் கடைசி வரி, "பொம்மனஹள்ளி. எறங்கணும்." அன்றைக்கு உனக்கு இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது. லூர்து கோபம் தீராமல் இன்னும் வாசலிலேயே நிற்கிறாள். "நீங்கதானே தங்கச்சி, அந்தக் கதைய முடிச்சுக் குடுத்துடுங்களேன்" என்கிறார் பதிப்பாளர். முடியாது என்று சொல்லிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, இந்தத் தடவை அவளை நான் உட்கார வைக்க மாட்டேன்.

உன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி,
உன் தங்கச்சி ரோஸி