வெள்ளிக்கிழமை ஓடிய மில்

நம் தாலுகாக்கள் திருவனந்தபுரத்தை விட்டு மதராசோடு சேர்ந்த இந்த வருஷம், ஐப்பசி, வெள்ளிக்கிழமை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள்.

இஞ்சினீயரிங் முடித்த பேரன் சிவதாணு, சர்க்கார் வேலை வேண்டாம், பூதப்பாண்டி நெல் மில்லுக்கு மேனேஜராகப் போகிறேன் என்கிறான். அவன் அப்பன், என் மகன், ஒரு வாரமாகக் குதிக்கிறான்.

"ஏலே, மூட்டை எண்ணவா உன்னைத் திருவனந்தபுரத்துல படிக்க வச்சேன்?"

எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை வீட்டு நெல்லை வெளியே விடமாட்டார்கள். அன்று மில் சும்மா கிடக்கும். சனிக்கிழமை வண்டிகள் தெருவை அடைக்கும். எஞ்சினுக்கு வலு போதாது என்றே முதலாளி நினைத்திருந்தார். பேரன் அவரிடம் கேட்டு எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, குறை அதில் இல்லை, வெள்ளிக்கிழமை மில் சும்மா கிடப்பதில்தான் என்றான். நேற்று சாயங்காலமே வண்டி அனுப்பி நெல்லை எடுத்துவரச் செய்தான்.

"வியாழக்கிழமை வெளியே போற நெல்லுக்குத் தடை இல்லியே பாட்டா," என்று சிரித்தான்.

இன்று மில் ஓடியது. மகன் மில் வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தான்.

"எஞ்சினையும் சனத்தையும் சேத்து ஓட்டுகானே!" என்றான். "அப்பா, இவன் வேலைக்கு மொதலாளிட்ட நீங்களே பேசுங்க."

நாளைக் காலையில் போகிறேன். அந்த எஞ்சினை நாகர்கோவிலிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கியவர்கள் நாங்கள் நாலு பேர். என்னைத் தவிர இப்போது உயிரோடு இருப்பவர் ஒருவர்தான், மில் முதலாளி மாதேவன் பிள்ளை.