கரண்டு வந்தால் கூப்பிடும் குரல்

தம்பி,

இன்று காலை வெங்காயக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். நீ கூப்பிட்டாய். "அக்கா, கரண்டு வந்துடுச்சு, மோட்டாரப் போடு." "தோ வரேன்டா" என்று எழுந்த பிறகுதான் நீ செத்துப்போனது நினைவுக்கு வந்தது. நான் சொல்லச் சொல்ல உன் பெண்டாட்டி எழுதுகிறாள். 'செத்து' என்று எழுத மாட்டாளாம். எழுதுடி என்றேன்.

மும்முனைக் கரண்டு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? வந்ததும் உன் குரலில் கூப்பிட மோட்டார் கொட்டாயில் ஒரு பெட்டி வைத்தாய். அதை இயக்கும் நிரலை ஹாஸ்கெல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினேன் என்றாய்.

"ஏன்டா, தமிழ்ல சொன்னா கேக்காதா?"

"கேக்கும்க்கா. நீ குறுக்க குறுக்கப் பேசுவியே, அதான் பயம்."

அன்றைக்கே ஒன்று சொன்னாய். "நான் எழுதுனது என் பேச்சக் கேக்கும். சத்தம் போட வைக்கிற ரெடிமேட் நிரல் ஒண்ணு, லைப்ரரிம்பாங்க, அது மட்டும் வெளியாளுங்க வேற மொழியில எழுதுனது. எந்த வெர்ஷன்னு கறாரா சொல்லி வைக்கணும். இல்லன்னா மிஷினு கெடச்சதச் சேத்துக்கும்."

சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதி இருக்கிறதே, நம் முருங்கைகூட வெள்ளையாகத்தான் நிற்கிறது. அது பெட்டிக்குள்ளும் போனது. பாதி நாள் பேச்சு வராது. உன் குரல் வேறெங்கும் இல்லை. உன் பெண்டாட்டி அரியலூரிலிருந்து புதுப் பெட்டி வாங்கிவந்து வீட்டில் வைத்து, பழைய பெட்டியிலிருந்த உன் குரலையும் நீ எழுதிய நிரலையும் அதில் ஏற்றப் பார்த்தாள். பழைய வெர்ஷன் லைப்ரரி இல்லாமல் முடியாது என்றது.

"புதுசு இருக்கே அண்ணி. பழசுக்கு மேல எதுன்னாலும் சரின்னு போட்டுடுறேன்" என்றாள்.

பெட்டியும் முணுமுணுக்காமல் புதியதைச் சேர்த்துக்கொண்டது. கரண்டு வந்தது. "அ...க்...கா..." கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல இழுத்து இழுத்து வந்தது குரல். ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னைக் கூப்பிட்டாயே, அதே குரல். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினாள்.

புது லைப்ரரி உன் பேச்சை வேறு வேகத்தில் படித்திருக்கிறது. நீ சொன்ன அதே பழைய வெர்ஷனைத் தேடி எடுத்து, உன் நிரலோடு சேர்த்தே வைத்து, இதைத் தவிர வேறு எதையும் தொடாதே என்று எழுதிவிட்டாள். "இனிமே தானா மாறாது அண்ணி."

அடுத்த முறை கரண்டு வந்தபோது நன்றாகக் கூப்பிட்டாய். பின்னால் கூவும் கோழிகூடக் கேட்டது. அது நாய் கவ்விக்கொண்டு போன கருப்புக் கோழி. உடனே கொட்டாயிலிருந்தும் கூப்பிட்டாய். பழைய பெட்டிக்கும் அன்றைக்குப் பேச்சு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் நீ, நடுவில் சேற்றுக் கையோடு நான்.

"பழச நிறுத்திடவா அண்ணி?"

"நிறுத்துடி. நான் எவனுக்குன்னு பதில் சொல்றது?"

இப்போது வீட்டுப் பக்கமிருந்துதான் கூப்பிடுகிறாய். நான் இன்னும் கொட்டாயைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறேன். உயிரோடு இருந்தபோது நான் வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருப்பாய். பெட்டி ஒரு தரம்தான் கூப்பிடும். அதனால் இப்போதெல்லாம் முதல் சத்தத்திலேயே எழுந்துவிடுகிறேன்டா.