ஜூலி தொலைக்காத சாவி

மஸ்கட்

அன்புள்ள அம்மாவுக்கு ஜெசிந்தாவோட தோத்திரம். முட்டி வலி தேவலாமா? நைனா நேரத்துக்குச் சாப்பிடுறாரா? நான் நல்லா இருக்கேன். போன்ல சொன்னா நீ அழுவ, அதான் எழுதுறேன்.

நேத்து சாயங்காலம் மேடம் வீட்டு நாய்க்கு வலிப்பு வந்துடுச்சு, நம்ம ஜூலிக்கு வர்ற மாதிரியே. மேடம் போன்ல நேரம் பார்த்துக்கினு தள்ளி நின்னாங்க. நான் யோசிக்கவே இல்லம்மா. பாக்கெட்ல இருந்த சாவியை எடுத்து, நீ வைப்பியே, அதே மாதிரி அதோட முன்னங்கால்ல வெச்சுப் புடிச்சுக்கினு, "ஒண்ணும் இல்லடி கண்ணு, அம்மா இருக்கேன்"னு பேசிக்கினே இருந்தேன். தானாத்தான் நின்னுச்சு. "இரும்பு வெச்சா வலிப்பு நிக்குமா?"ன்னு மேடம் சிரிச்சாங்க. திண்டிவனத்து மாட்டாஸ்பத்திரி டாக்டரும் அதையேதான் சொன்னாரு, நீ எங்க கேட்ட?

ஜூலி மாத்திரையை ஒரு வேளைகூட விட்டுடாத. மல்லாட்டை உருண்டைக்குள்ள வெச்சா துப்பாது. அது தூங்கறப்ப நைனாவை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு.

மேடம் கூப்புடுறாங்க. ஒண்ணே ஒண்ணு. வீட்டுச் சாவியைத் தூக்கிக்கினு போய்த் தொலைச்சிடுச்சுன்னு ஜூலியை இனிமே திட்டாத. அந்தச் சாவி என்கிட்டதான் இருக்கு. தெரிஞ்சேதான் எடுத்துக்கினு வந்தேன்.

பூட்டை மட்டும் மாத்திடாதம்மா.

ஜெசிந்தா