மண்டபத்தில் கட்டிய மறைப்பு

மாத்தளை
09.01.2026

அன்பின் நண்பர் பதுர்தீன் அவர்களுக்கு,

நலமறிய ஆவல். நீங்கள் தொலைபேசியை எடுப்பதில்லை; எடுத்திருந்தாலும் எனக்குப் பேச்சு வந்திராது. தடுமாறாமலிருக்க எண்ணிட்டுக்கொள்கிறேன்:

1. மண்சரிவு நிவாரண முகாம் மண்டபத்தில் மறைப்புகளை ஏன் அகற்றினேன்.
2. உங்கள் தங்கை ஸுலைஹா இத்தாவில் இருப்பதை அறியாமலே செய்தேன்.
3. அவர் திரும்பி வரவேண்டும் என்ற வேண்டுகோள்.

முதலாவது. முகாமில் இருமல் பரவியிருந்தது. குடும்பங்களுக்கிடையே கட்டிய படுக்கை விரிப்புகள் காற்றைத் தடுக்கின்றன என்று நிவாரணக் குழுவுக்குச் சொன்னவன், ஓய்வுபெற்ற சுகாதாரப் பரிசோதகனாகிய நானே. கொழும்பிலிருந்து உதவி வழங்குவோர் பார்வையிட வந்த திங்களன்று, அவர்கள் முன்னிலையில் ஒவ்வொன்றாக அவிழ்த்தேன்.

இரண்டாவது. கடைசி விரிப்புக்குப் பின்னால் ஸுலைஹா இருந்தார். கணவர் யஹ்யா மண்சரிவில் இறந்தபின், நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் இத்தாக் காலம் அது என்று பிறகுதான் அறிந்தேன். அவர் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிச் சுவர்ப் பக்கம் திரும்பினார். வந்தவர்களில் ஒருவர் படமும் எடுத்தார்.

மூன்றாவது. அன்று மாலையே மகள் பஸ்லாவுடன், சுவர் வெடித்த மேட்டு வீட்டுக்கே ஏறிவிட்டாராம். அந்த மண் இன்னொரு மழைக்கு நிற்காது. தயவுசெய்து அவர்களை இறக்கிக் கூட்டி வாருங்கள்.

தங்கள்,
ச. ஞானசுந்தரம்

உக்குவளை
13.01.2026

அன்பின் ஐயா,

கோபத்தில்தான் போன் எடுக்கவில்லை. கடிதம் கிடைத்ததும் மேட்டுக்கு ஏறினேன். சுவர் வெடிப்புக்குள் என் கை போகிறது.

"கீழ எறங்கு புள்ள" என்றேன்.

"அந்த ஐயாவுக்குக் காத்து வேணும்னா வெளிய போய் நிக்கச் செல்லுங்க நானா. எங்கட மறைப்புல என்னத்துக்குக் கை வெச்சார்?" என்று மூத்தவனான என்னிடம் சீறினாள்.

"பாவம், வயசாளி. நீ இத்தாவில ஈக்கிறது அவருக்குத் தெரியாதாம். கடிதமே எழுதீக்கிறார்."

பஸ்லா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். ஸுலைஹா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்படியா எழுதீக்கிறார்? சரி, தெரியாதுண்டே ஈக்கட்டும்" என்றாள்.

மறைப்பைத் திரும்பக் கட்டினால் வருகிறாளாம். என் வீட்டில் மருமகன்மார் இருப்பதால் அங்கேயும் அவளுக்கு மறைவில்லை. நீங்களே நின்று கட்டுவியுங்கள். இத்தனை வருடப் பழக்கத்தில் உங்கள் சொல்லை நான் சந்தேகித்ததில்லை என்று அவளிடமும் சொல்லிவிட்டு வந்தேன். மனதைப் போட்டு வருத்தாதீர்கள்.

இப்படிக்கு,
பதுர்தீன்

மாத்தளை
17.01.2026

அன்பின் நண்பருக்கு,

எல்லா மறைப்புகளும் கட்டியாயிற்று. ஸுலைஹாவின் மூலைக்குப் பலகையே அடித்தோம். மேலே ஒரு முழம் விட்டதில் காற்றும் வருகிறது. இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்கவேண்டும். படத்தைக் கேட்டு அழிப்பித்தேன். தாயும் மகளும் நேற்று இறங்கி வந்ததாகக் கேள்விப்பட்டேன். நான் அங்கே போகவில்லை; இனியும் போகமாட்டேன்.

நீங்கள் என் சொல்லுக்குச் சாட்சி நின்றிருக்கிறீர்கள். உங்கள் தங்கை உண்மை தெரிந்தும், நம் நட்புக் கெட்டுவிடக்கூடாதென்று மகளின் கையைப் பிடித்திருக்கிறார். அதை வாசித்தபின் இதை எழுதாமலிருக்க முடியவில்லை.

நான் முடிச்சில் கை வைத்தபோது, "ஐயா, நான் இத்தாவில ஈக்கிறேன், அவுக்காதீங்க" என்று உள்ளேயிருந்து சொன்னார். தெளிவாகக் கேட்டது. உங்கள் மூத்த சகோதரி இத்தா இருந்த வருடம் உங்கள் வாசலோடு நின்று திரும்பியவன் நான். அதன் பொருள் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கொழும்பிலிருந்து வந்தவர்கள் பின்னால் நின்றார்கள். நானே சொன்ன யோசனையை நானே பாதியில் நிறுத்தினால் என்ன நினைப்பார்களோ என்று கூசினேன். கேளாதவன்போல் முடிச்சை இழுத்தேன்.

நீங்கள் இனி எனக்கு எழுதாவிட்டால் அது நியாயமே. முதற்கடிதத்தில் இரண்டாவதாக எழுதியது பிழை. அறிந்துதான் அவிழ்த்தேன்.

ச. ஞானசுந்தரம்