மாமன் மகன் மேல வாங்கின கட்டளை

ராகலை
2007 ஆகஸ்ட் 19

என் மகன் யோகராஜுக்கு அம்மா எழுதிக்கிறது. மாரியம்மா புண்ணியத்துல நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம். அப்பாவோட இருமலும் நல்லாத்தான் இருக்கு, ஒரு நாளும் தவறாம வருது. நீ அந்தக் கத்தார் வெயில்ல எப்படி இருக்க, நேரத்துக்குச் சாப்பிடுறியா, அதை முதல்ல எழுது. இங்க மழை விடல. தேயிலைக் கொழுந்து நல்லா இருக்கு, நம்ம லயத்து வீட்டுக் கூரைதான் நல்லா இல்ல.

போன்ல நீ கேட்டப்ப அப்பா ஒண்ணும் நடக்கலன்னு சொல்லி வச்சிட்டாரு. நடந்திருக்கு. உன் தங்கச்சி சர்மிளா கோர்ட்டுக்குப் போய் உன் மாமன் மகன் நிரஞ்சன் மேல பாதுகாப்புக் கட்டளை வாங்கியிருக்கா. வேற யாராவது உனக்கு வேற மாதிரி சொல்றதுக்கு முன்னால நானே எழுதிடலாம்னுதான் உட்கார்ந்தேன். பொறுமையாப் படி, நடுவுல எந்திரிச்சிப் போய் யாருக்கும் போன் எடுக்காத.

சர்மி பெரிய மனுசியான அன்னைக்கு உன் மாமா மாயாண்டி சபையில எந்திரிச்சி இவ என் மகனுக்குத்தான்னு சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். அப்ப எல்லாரும் சிரிச்சோம், நானும் சிரிச்சேன். போன வருசம் மாமா தாம்பூலத்தோட வந்தாரு. சர்மி நேரா முன்னால வந்து, மாமா எனக்கு இஷ்டமில்ல, மன்னிச்சிக்கங்கன்னு சொல்லிட்டா. மாமா டீயைக் குடிச்சிட்டு எந்திரிச்சிப் போயிட்டாரு, முகம் மட்டும் கறுத்துப் போச்சு. அவரு அதோட விட்டிருப்பாரு. நிரஞ்சன் விடல. இவ காலையில நுவரெலியா பஸ் ஏறினா அவன் ஆட்டோவைப் பின்னாலேயே விடுறது. கந்தப்பளை தாண்டி டவுன் வரைக்கும் வாறது. இவ வேலை செய்யிற பாமசிக்கு எதிர்ல வண்டியைப் போட்டுட்டு சாயந்திரம் வரைக்கும் உட்கார்ந்திருக்கிறது. நடுவுல உள்ள வந்து தலைவலி மாத்திரை ஒண்ணே ஒண்ணு வாங்குறது, திரும்பிப் போறது, திரும்ப வந்து இன்னொண்ணு. அவன் வாங்கின மாத்திரைக்கு ஒரு தோட்டத்துக்கே தலைவலி போயிருக்கும்னு பாமசி முதலாளி, அந்த முஸ்லிம் நானா, சொல்றாரு. ராத்திரி முழுக்க போன் அடிக்கும், எடுத்தா பேச மாட்டான், மூச்சு மட்டும் விடுவான். சர்மி நம்பரை மாத்தினா, ரெண்டு மூணு நாள் தூங்கினோம், அப்புறம் புது நம்பருக்கும் வந்துச்சு. நீதான் குடுத்தேன்னு அவனே வாயால சொன்னான். மச்சான் கேட்டா எப்படி இல்லேங்கிறதுன்னு நீ குடுத்திருப்ப. நான் ஒண்ணும் சொல்லல. சர்மி சொன்னா, அதை இங்க எழுத வேணாம்னு விட்டுட்டேன்.

இதை விடப் பெரிசு என்னன்னா, அவன் ஊரெல்லாம் இவளைத் தன் பொஞ்சாதின்னு சொல்லி வச்சிருந்தான். கோவிச்சிக்கிட்டு ஆத்தா வீட்டுல இருக்கா, சமாதானம் பண்ணத்தான் பின்னால போறேன்னு கண்டக்டர்கிட்ட சொல்லியிருக்கான், பாமசி நானாகிட்டயும் சொல்லியிருக்கான். இவளுக்கு இது எதுவும் தெரியாது. ஜூன் மாசம் நுவரெலியா பஸ் ஸ்டாண்டுல வச்சி இவ கையைப் பிடிச்சி இழுத்து ஹேண்ட்பேக்கைப் புடுங்கிட்டான். இவ சத்தம் போட்டா. அவ்வளவு சனம் நின்னிச்சு, ஒருத்தர் கிட்ட வரல. புருசன் பொஞ்சாதி சண்டையில நாம எதுக்குன்னு ஒரு அம்மா பக்கத்துல நின்னே சொல்லிச்சாம். பேக்குக்குள்ள இவளோட அடையாள அட்டை இருந்துச்சு. இப்ப இருக்கிற நெலமை உனக்குத் தெரியும், தமிழ்ப் பிள்ளை ஐடி இல்லாம ரோட்டுல போக முடியாது. பாமசிக்கு நடந்து போற வழியில ஆமி செக்பொயின்ட்ல நிப்பாட்டிட்டாங்க. எங்க ஐடி, எந்த ஊரு, யாரைப் பார்க்க வந்தன்னு கேட்டு ஓரமா உட்கார வச்சிட்டாங்க. கொஞ்ச நேரத்துல நிரஞ்சன் அந்த அட்டையைக் கையில பிடிச்சிக்கிட்டு சிரிச்ச முகமா வந்து, இது என் பொஞ்சாதி, என்னோட அனுப்புங்கன்னு கேட்டிருக்கான். அவங்களும் சரி போன்னு சொல்லியிருக்காங்க. உன் தங்கச்சி எந்திரிக்கல. மே மகே மினிஹா நெமெய், இவன் என் புருசன் இல்லன்னு சிங்களத்துல சத்தமாச் சொல்லியிருக்கா. அப்ப யாருன்னு கேட்டதுக்கு, இவனோட போறதை விட நான் இங்கேயே கைதியா இருக்கேன்னு சொல்லியிருக்கா. இவ வேலைக்கு வரலன்னு தேடின நானா விஷயம் தெரிஞ்சி தோட்டத்து ஆபிசுக்குப் போன் பண்ணி, கங்காணி மலைக்கு ஆள் அனுப்பி, நான் கொழுந்துக் கூடையைப் போட்டுட்டு, இடுப்புல கட்டின படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காம பஸ் ஏறினேன். போய்ச் சேர்றப்ப சாயந்திரம் ஆச்சு. அவ ஒரு மணல் மூட்டை மேல நேரா உட்கார்ந்திருந்தா. அழல. என்னைப் பார்த்ததும் அம்மா எனக்கு ஒண்ணுக்குப் போகணும்னா. காலையில இருந்து அடக்கிக்கிட்டு இருந்திருக்கா. நான் இவ அம்மான்னு சொல்லிக் கெஞ்சித்தான் அவளைக் கூட்டிட்டு வந்தேன்.

பொலிசுக்குப் போனோம். பவுலே ப்ரஷ்னயக், குடும்பப் பிரச்சினை, வீட்டுல பேசித் தீர்த்துக்கங்கன்னு சொன்னாங்க. யூனியன் தலைவர் ஆண்டியப்பன் ரெண்டு குடும்பத்தையும் கூப்பிட்டு கோயிலடியில வச்சிப் பேசித் தீர்த்தாரு. ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வச்சிட்டா பையன் பின்னால போறதை நிப்பாட்டிருவான், அதுதான் தீர்ப்பு. கல்யாணம் பண்ணின பொறகு அவன் எதுக்குப் பின்னால போகப் போறான், முன்னாலேயே நிப்பானேன்னு உன் அப்பா கேட்டாரு. அதோட தீர்ப்பு முடிஞ்சது.

நிரஞ்சன் சொன்னதை நம்பி அத்தனை நாளும் அவனுக்கு நாற்காலி போட்டவரு நானா. அந்த வெட்கத்துல அவருதான் ஒரு லோயரம்மாகிட்ட அனுப்பினாரு. யாழ்ப்பாணத்து ஆள், ரஜனின்னு பேரு, சின்னப் பிள்ளைதான், காசில்லாதவங்களுக்கும் வழக்குப் பேசுறாங்க. அவங்க எல்லாத்தையும் கேட்டுட்டு முதல்ல கேட்ட கேள்வி, அந்தப் பெடியன் உங்களுக்கு என்ன முறைன்னு. நான் தலையைக் குனிஞ்சிக்கிட்டு என் கூடப் பிறந்த அண்ணன் மகன்னேன். அவங்க சந்தோசப்பட்டாங்க. எனக்குக் கோவம் வந்திருச்சு. பொறவுதான் விளக்கினாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு சட்டம் வந்திருக்காம், வீட்டு ஆளுங்க பண்ற கொடுமைக்கு. வீட்டுக்குள்ள பண்ணினாலும் ரோட்டுல பண்ணினாலும் ஒண்ணுதான். வெளி ஆளா இருந்தா அந்தச் சட்டம் தொடாது, அம்மா கூடப் பிறந்தவரோட பிள்ளைன்னா தொடும். எந்த முறையைச் சொல்லி அவர் துரத்தினவரோ அந்த முறையாலதான் அவரைப் பிடிக்கலாம், பயப்பிடாதேங்கோ அம்மான்னாங்க. ஒரு துரத்துற பயலுக்கு என்னத்துக்கு அவரு இவருன்னு எனக்கு இருந்துச்சு, ஆனா கேட்கல.

முதல்ல கோர்ட்டுல ஒரு தற்காலிகக் கட்டளை குடுத்தாங்க, விசாரணைக்கு நாளும் வச்சாங்க. அன்னைக்கு நாங்க மூணு பேரும் போனோம். அந்தப் பக்கம் மாமா, அம்மாக்கண்ணு மதினி, நிரஞ்சன், அவங்க பிடிச்ச லோயர். நிரஞ்சன் வெள்ளைச் சட்டை போட்டு திருநீறு பூசி மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தான். சர்மி கூண்டுல ஏறி நடந்ததை ஒண்ணு விடாம சொன்னா, மொழிபெயர்க்கிறவர் சிங்களத்துல சொல்லச் சொல்ல அவர் விட்டதை இவளே திருத்தினா. நானாவும் வந்து சொன்னாரு. அப்பதான் அவங்க லோயர் எந்திரிச்சி, இந்தப் பேச்சியம்மாவும் மாயாண்டியும் கூடப் பிறந்தவங்கங்கிறதுக்கு ஆதாரம் இல்ல, அதனால இந்தச் சட்டமே செல்லாதுன்னு ஒரு போடு போட்டாரு. அவரு சொன்னது பொய்யில்ல. எனக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருக்கு, அதுல என் பேரு பேச்சி. அண்ணனைப் பதியவே இல்ல. நம்மள மாதிரி தோட்டத்துல பிறந்தவங்களுக்கு அப்படித்தான். எங்க லோயரம்மா முகம் சுண்டிப் போச்சு. நிரஞ்சன் சிரிச்சான், நான் பார்த்தேன்.

நீதவான் ஐயா எழுதுறதை நிப்பாட்டிட்டு, அப்ப அவரையே கேட்டுருவோம்னு மாமாவைக் கூண்டுல ஏத்தச் சொன்னாரு. தம்பி, உன் மாமா அங்க ஏறி நின்னது எனக்கு கண்ணுக்குள்ளயே இருக்கு. இந்த அம்மா உங்களுக்கு யாருன்னு கேட்டாங்க. மாமா தோள்ல கிடந்த துண்டை எடுத்துக் கையில பிடிச்சிக்கிட்டாரு. மறுபடி கேட்டாங்க. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மகன் தப்பிச்சிருவான். கீழ இருந்து மதினி தலையை ஆட்டுது, சொல்லு சொல்லுன்னு. மாமா நிரஞ்சனைப் பார்த்தாரு, பொறகு சர்மியைப் பார்த்தாரு, என்னைப் பார்க்கவே இல்ல. கடைசியில, என் தங்கச்சிதாங்க, எங்க ஆத்தா மலையில வேலைக்குப் போறப்ப இவளை இடுப்புல தூக்கி வளர்த்தவன் நான், இல்லேன்னு சொல்ல வாய் வரலீங்கன்னு சொல்லிட்டாரு. நான் முந்தானையை வாயில வச்சிக்கிட்டேன். கோர்ட்டுல அழுதா வெளிய போகச் சொல்லுவாங்கன்னு அப்பா சொன்னதால அழல.

கட்டளை குடுத்தாச்சு. நிரஞ்சன் இவ கிட்ட வரக் கூடாது, பாமசி பக்கம் வரக் கூடாது, நம்ம லயத்துக்கு வரக் கூடாது, போன்ல கூப்பிடக் கூடாது, பின்னால போகக் கூடாது. மீறினா உள்ள போடுவாங்க. அவன் நம்பல. அடுத்த கிழமையே பாமசிக்கு எதிர்ல போய் நின்னான், பொலிஸ் வந்து ஏத்திக்கிட்டுப் போச்சு. குடும்பப் பிரச்சினைன்னு சொன்ன அதே ஐயாதான் ஏத்தினாரு. திரும்பி வந்ததுல இருந்து ஆட்டோவை வலப்பனைப் பக்கம் ஓட்டுறான்.

மாமா நம்ம வீட்டுக்கு வாறதில்ல. ஆடித் திருவிழாவுக்கு நான் செஞ்ச கொழுக்கட்டையைக் குடுத்தனுப்பினேன், பாத்திரம் கழுவித் திரும்ப வந்துச்சு, அவ்வளவுதான். மதினியும் நானும் ஒரே மலையில பக்கத்துப் பக்கத்து நிரையில கொழுந்து எடுக்கிறோம், ஒரு வார்த்தை பேச்சில்ல. முந்தாநேத்து என் கழுத்துல அட்டைப் பூச்சி ஏறியிருக்கு, எனக்குத் தெரியல. மதினி கையை நீட்டி அதைப் புடுங்கிப் போட்டுட்டு, அந்தப் பக்கம் திரும்பிக் கொழுந்தைப் பறிக்க ஆரம்பிச்சிருச்சு. எடுத்துப் போட்டுச்சே, அது போதும்.

இந்தக் கட்டளை ஒரு வருசத்துக்குத்தான், தேவைன்னா பொறகு திரும்பக் கேட்கலாமாம். நீ லீவுக்கு வந்தா அவனை அடிக்கப் போகாத, அடிச்சா உன்னைத்தான் கோர்ட்டுக்குக் கூட்டிப் போக வேண்டி வரும், எனக்கு அவ்வளவு லீவு கிடையாது. வந்ததும் நேரா மாமா வீட்டுக்குப் போய் கால்ல விழுந்து கும்பிடு. எதுக்குன்னு அவரு கேட்க மாட்டாரு. அங்க தண்ணி நிறையக் குடி, கட்டடத்துல ஏறுறப்ப கயிறு கட்டாம ஏறாத.

நேத்து சர்மி வீட்டுக்கு வர இருட்டிருச்சு. நான் ரோட்டுக்கு ஓடினேன். ஒண்ணுமில்லம்மா, பஸ்ல தூங்கிட்டேன், ராகலையைத் தாண்டிப் போயிட்டேன், கண்டக்டர்தான் எழுப்பி எதிர்ல வந்த பஸ்ல ஏத்தி விட்டாருன்னு சொன்னா. ஒரு வருசமா அந்தப் பஸ்ல பின்பக்கக் கண்ணாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே வந்த பிள்ளை. நான் திட்டல. சோத்தைப் போட்டுக் குடுத்தேன், சாப்பிட்டுட்டு மறுபடியும் தூங்கிட்டா.

எங்க ரெண்டு பேரு ஆயுசும் சேர்த்து நீ நல்லா இருக்கணும் சாமி.

உன்னைப் பெத்தவ
சோ. பேச்சியம்மா